அப்பாவுக்கு வச்ச சோறு

அன்புள்ள சிஹோவுக்கு,

நான் நடமாட்டமா இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அயுமுவும் அந்த ஜெர்மனிக் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவை எடுத்தேன். இங்க கூரைப் பனி வடிஞ்சாச்சு, வாசல்ல மட்டும் அழுக்கா ஒரு குவியல் கிடக்கு, அதுவும் இந்த வாரத்துல போயிடும். ஆப்பிள் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கிளை கழிச்சு முடிச்சுட்டார், அப்பா கழிக்குற மாதிரி இல்ல, ஆனா பரவாயில்ல, நான் போய்ப் பாக்கல, ஜன்னல் வழியாதான் பாத்தேன். போன் இருக்கும்போது அம்மா எதுக்கு கடுதாசி எழுதுறான்னு நினைப்ப. போன்ல நீ என் முகத்தைப் பாக்குற, நான் சிரிச்சுடுறேன், சொல்ல வந்தது உள்ளயே நின்னுடுது. அதான் எழுதுறேன், பொறுமையா படி.

புதுவருஷத்தன்னிக்கு நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. அம்மா உன் எடை இப்படியே ஏறிக்கிட்டுப் போனா, சர்க்கரைக்கு ஊசின்னு டாக்டர் சொல்லிட்டா, கை நடுங்குற நீ தனியா போட்டுக்க முடியாது, நான் வந்து வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிட்டு வந்துடுவேன், வரமாட்டேன்னா அங்கயே ஒரு முதியோர் இல்லம் பாத்துடுவோம், அப்பா படத்தை மட்டும் எடுத்துக்கலாம், அப்பாவுக்குப் படைக்குற புத்தர் மாடத்தைக் கோயில் பிக்குவை வரச் சொல்லி மந்திரம் சொல்லி மூடிடலாம்னு சொன்ன. நீ நல்லதுக்குத்தான் சொன்ன, எனக்குக் கோபம் வரல, உண்மையைச் சொன்னா எதுவுமே வரல. சரி சரின்னு சொல்லிட்டு போனை வச்சேன். அப்புறம் அடுப்பை மூட்டி அப்பாவுக்கு அரிசி அடை சுட்டு, சூப்புல போட்டு மாடத்துல கொண்டுபோய் வச்சேன். எடையைக் குறைக்க டாக்டர் மார்ச் வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்திருந்தார் இல்லியா, அந்தத் தவணை போன வியாழக்கிழமையோட முடிஞ்சுது. என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் உங்கிட்ட சொன்ன பொய்யைச் சொல்லிடணும்.

இந்த வயிறு எனக்குப் புதுசில்ல, உனக்கே தெரியும். நாப்பது வயசுலேர்ந்து வருஷா வருஷம் செக்கப்புத் தராசுக்கு முன்னால நின்னவதானே நான். நீ பள்ளிக்கூடம் போன காலத்துல காலையில வெறும் வாழைப்பழம் சாப்பிட்டுப் பாத்தேன், ராத்திரிக்குச் சோத்துக்குப் பதிலா கோஸை அவிச்சுத் தின்னு பாத்தேன், ரெண்டு கிலோ போகும், மூணு கிலோ வரும். உங்கப்பா மூணு கிண்ணம் சோறு தின்னுட்டு தோட்டத்து ஏணியில ஏறுவார், அவர் உடம்புல ஒண்ணும் ஒட்டாது. என்னைப் பாத்து, நான் சாப்பிடுறது உனக்குல்ல போய்ச் சேருது தொமியேன்னு சிரிப்பார். முப்பது வயசுல ஒருவேளை பட்டினி கிடந்தா பாவாடை தளர்ந்துடும், எழுபதுல ஒரு வாரம் கிடந்தாலும் முகம்தான் தொங்குது, வயிறு அசையாம உக்காந்திருக்கு. இதெல்லாம் வழக்கம்தான். ஆனா போன அக்டோபர்ல ஊர் சுகாதார நிலையத்துல செக்கப்புக்குப் போனப்ப ஒரே வருஷத்துல அஞ்சு கிலோ ஏறியிருந்துது, பொம்பளைங்களுக்கு இடுப்பு தொண்ணூறு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணுமாம், எனக்குத் தொண்ணூத்தேழு. டிசம்பர்ல இன்னும் ரெண்டு கிலோ. வரிசையில எனக்கு முன்னால நின்ன பக்கத்து வீட்டு கொமியாமா அக்கா மூச்சைப் புடிச்சு வயித்தை முதுகெலும்போட ஒட்டிக்கிட்டு நின்னா, அவளுக்கு எம்பத்தொம்போதரைன்னு எழுதினாங்க. எனக்கு மூச்சைப் புடிக்கணும்னுகூடத் தோணல.

அந்த அக்கா வாய் உனக்குத் தெரியுமே. தெருவுல இருக்குற பொது வெந்நீர்க் குளியல் அறையில, நாலு பொம்பளைங்க உக்காந்து முதுகு தேச்சுக்கிட்டு இருக்கும்போது, புருஷன் போனா பொம்பளைங்க வத்திப் போவாங்கன்னு பாத்தா, இவ அறுவடைத் திருவிழாக் கன்னுக்குட்டி மாதிரில்ல வந்து நிக்குறா, இவ புருஷன் மசனோபு இருந்தவரைக்கும் எல்லாத்தையும் அவரே தின்னுட்டார்போலன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது வலிச்சிருக்கணும், வலிக்கல, யாரோ இன்னொரு வீட்டுப் பொம்பளையைச் சொன்ன மாதிரி இருந்துது. வீட்டுக்கு வர்ற வழியிலதான், ஓ, அது என்னைத்தானேன்னு நினைச்சேன். போன ஜூன்ல அப்பா போனதுலேர்ந்து எல்லாமே எனக்கு இப்படிக் கொஞ்சம் தள்ளித்தான் நடக்குது. சாவு அன்னிக்கு நீ என் தோள்ல விழுந்து அழுத, நான் உன் முதுகைத் தட்டிக்கிட்டே மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பத்துமான்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். நீ அதை அப்பவே கவனிச்சிருப்ப.

எடை குறையாததால ஊர் சுகாதார நிலையத்துலேர்ந்து நிஷிசாவான்னு ஒரு நர்ஸ் பொண்ணு மாசம் ஒருதரம் வீட்டுக்கு வர ஆரம்பிச்சா. உன்னைவிட நாலஞ்சு வயசு சின்னவ, கன்னம் ரெண்டும் குளிருல சிவந்து, பூட்ஸைக் கழட்டவே அஞ்சு நிமிஷம் ஆகும். ஒரு நோட்டு கொடுத்து, சாப்பிடுறது அத்தனையும் இதுல எழுதுங்கம்மா, ஒரு மிட்டாய் விடாதீங்கன்னு சொன்னா. நானும் எழுதினேன். காலையில அரைக் கிண்ணம் சோறு, மிசோ சூப், ஊறவச்ச கீரை. மத்தியானம் ஒரு துண்டு சால்மன், முள்ளங்கி. ராத்திரி டோஃபு. உங்கிட்டயும் போன்ல இதைத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு நோட்டைப் பாக்கும், தராசைப் பாக்கும், என்னைப் பாக்கும். தைராய்டு பாத்தாங்க, வீக்கம் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. அம்மா, நீங்க எழுதுறதைச் சாப்பிட்டா ஒரு பூனைகூட எடை போடாதேன்னு சொன்னா. நான் எழுதினது எதுவும் பொய்யில்லன்னு சத்தியம் பண்ணினேன். நிஜமா அப்படித்தான் நம்பினேன் சிஹோ.

ஜனவரி நடுவுல ஒருநாள் பஸ் சீக்கிரம் வந்துடுச்சுன்னு அவ சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னாலயே வந்துட்டா. கதவு திறந்துதான் இருந்துது, கூப்பிட்டுக்கிட்டே உள்ள வந்தா. நான் புத்தர் மாடத்துக்கு முன்னால உக்காந்து அப்பாவுக்கு வச்ச தட்டை இறக்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். என் தட்டு சமையல்கட்டுல கழுவிக் கவுத்து வச்சிருந்துது. அம்மா இது யாரு சாப்பாடுன்னு கேட்டா. அவரோடதுன்னேன். அவரோடதை யாரு சாப்பிடுறாங்கன்னு கேட்டா. அவர்தான், நான் இறக்குறேன், அவ்வளவுதான், படைச்சதை வீணாக்கலாமான்னு சொன்னேன். சொல்லிட்டு என் கையில பாத்தேன், குச்சியில பாதித் துண்டு கொரொக்கே, எண்ணெயில பொரிச்ச அந்த உருளைக்கிழங்கு வடை, நின்னுக்கிட்டு இருந்துது.

மாடத்துக்குன்னு பித்தளைக் கிண்ணம் இருக்கு, எலுமிச்சம்பழம் அளவு சோறுதான் அதுல நிக்கும், ஊர்ல எல்லார் வீட்டுலயும் அதான் வழக்கம்னு உனக்கே தெரியும். ஆனா முதல் நாப்பத்தொம்போது நாள் அவர் அந்த லோகத்துக்குப் போற வழியில நடந்துக்கிட்டு இருக்கார், நல்லா படைங்கன்னு பிக்கு சொன்னார், நான் அவரோட பெரிய நீலக் கிண்ணத்துலயே வச்சேன். சோறு, சூப், மீன், அவருக்குப் பிடிச்ச கொரொக்கே, மாவுக்குள்ள காய் வச்சுச் சுட்ட ஓயாகி உருண்டை, சாயங்காலம் இனிப்பு. நாப்பத்தொம்போதாம் நாள் முடிஞ்சு, இனிமே சின்னக் கிண்ணம் போதும்னு பிக்கு சொல்லிட்டுப் போனார். மறுநாள் காலையில அந்தப் பித்தளைக் கிண்ணத்துல சோத்தை வச்சுப் பாத்தேன். தோட்டத்துலேர்ந்து வந்த மனுஷனுக்கு இதையா வைக்கிறதுன்னு இருந்துது. திருப்பி நீலக் கிண்ணத்துல போட்டேன். அவர் போனதுலேர்ந்து இப்படியே ஏழு மாசம், மூணு வேளை. ஆறினதும் இறக்குவேன், என் சாப்பாட்டை முடிச்சுட்டு அதையும் முடிப்பேன். பசி இருந்துதான்னு கேட்டா தெரியல, வயிறு நிறைஞ்சுதான்னு கேட்டா அதுவும் தெரியல. நோட்டுல எழுதணும்னு ஒருதரம்கூடத் தோணல, அது என் சாப்பாடு இல்லியே.

நிஷிசாவா பொண்ணு திட்டுவான்னு நினைச்சேன். அவ மெதுவா உக்காந்து, மணியைத் தட்டி, அப்பா படத்தைக் கும்பிட்டா. அப்புறம் நோட்டைத் திறந்து நடுவுல ஒரு கோடு போட்டா. இந்தப் பக்கம் நீங்க சாப்பிடுறது, அந்தப் பக்கம் அவர் சாப்பிடுறது, ஒரு வாரம் எழுதுங்க, நான் எதையும் நிறுத்தச் சொல்லலன்னா. எழுதினேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கத்தையும் படிச்சேன். என் பக்கம் வயசான பொம்பளையோடது. அந்தப் பக்கம் ஏணி ஏறுற ஆம்பளையோடது. எதை நிறுத்தினா நான் இந்த வீட்டுல இருக்கலாம்னு அப்ப தெரிஞ்சுது. அதை நிறுத்திட்டு இங்க எதுக்கு இருக்கணும்னும் தோணிச்சு. மத்தியானம் முழுக்க ஈரத்துணியைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அழுகை வரும்னு பாத்தேன், வரல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் காலையில ரைஸ் குக்கர்ல ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டேன். நீலக் கிண்ணத்துல பாதி, சூப், ஒரு துண்டு மீன், கீரை, எல்லாத்தையும் தட்டுல வச்சு முதல்ல அவருக்குப் படைச்சேன். மணி தட்டிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் இறக்கி அதையே நான் சாப்பிட்டேன், வேற சமைக்கல. நாப்பத்திநாலு வருஷம் குடித்தனம் பண்ணினோம், ஒரு தட்டுல சாப்பிட்டதில்ல, அவருக்கு அதெல்லாம் கூச்சம். முதல் ரெண்டு மூணு நாள் அவர் தட்டுலேர்ந்து திருடுற மாதிரி இருந்துது. கொரொக்கே ஞாயித்துக்கிழமை மட்டும். யாராவது மாடத்துக்குன்னு இனிப்பு கொண்டுவந்தா படைச்சுட்டு கொமியாமா அக்காவுக்குக் கொடுத்துடுறேன், அவ வயித்தை உள்ளிழுக்கத் தெரிஞ்சவ, சமாளிச்சுக்குவா.

போன வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போனேன். சர்க்கரை இறங்கியிருக்கு, ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையே போதும்னு சொல்லிட்டார், அதனால நீ வீட்டைப் பூட்ட வரவேண்டாம். அஞ்சு வாரத்துல ரெண்டு கிலோ அறுநூறு குறைஞ்சிருக்கேன். அப்படியே சுகாதார நிலையத்துக்கும் போனேன், நிஷிசாவா பொண்ணு தராசைப் பாத்துக் கையைத் தட்டினா, பக்கத்து ரூம்லேர்ந்து ரெண்டு பேர் எட்டிப் பாத்தாங்க. நான் கும்பிட்டு நன்றி சொன்னேன். பஸ்ல வரும்போது சந்தோஷப்படணும்னு நானும் முயற்சி பண்ணிப் பாத்தேன். முடியல சிஹோ. எடை குறைஞ்சது நான்னு எனக்குத் தோணவே இல்ல. உங்கப்பா இளைச்சுட்டார்னுதான் தோணிச்சு. சாயங்காலம் படத்துக்கு முன்னால உக்காந்து ரொம்ப நேரம் அவர் கன்னத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

நீ கவலைப்படாத, நான் தினம் மருந்து போடுறேன், நடக்குறேன், நோட்டு எழுதுறேன், இப்ப ஒரே பக்கம்தான். ஜூன்ல வருஷத் திதி, பிக்குகிட்ட பதினாலாம் தேதி காலையிலன்னு சொல்லி வச்சிருக்கேன், நீ டிக்கெட்டை இப்பவே போட்டுடு, கடைசி நேரத்துல கிடைக்காது. அயுமுவுக்கு இனிப்பைக் கொடுத்து அழுகையை நிறுத்தாத, அது அப்புறம் வயசானப்ப வேலையைக் காட்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நீயும் குழந்தைக்கு ஊட்டி மிச்சமானதை நின்னபடியே வாயில போட்டுக்காத, உனக்குன்னு ஒரு தட்டு வச்சு உக்காந்து சாப்பிடு. மூணு பேரும் நோய்நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு நீண்டநாள் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தொமியே