சப்போர்ட் பண்ணுவியா என்று கேட்டீர்கள்

அன்புள்ள மச்சான்,

நீங்க கண்ணை மூடி எட்டு மாசம் ஆச்சு. அக்கா உடம்புக்கு ஒண்ணுமில்லை. உங்க மக கவிதாவுக்கு யூனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருச்சு. நல்ல சேதியை முதல்ல சொல்லிடறேன். மத்ததைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிருக்கு.

கிள்ளான்ல நாம ஒண்ணா வேலை பார்த்த கட்டடம். நீங்க பலகை அடிக்கிற ஆளுங்களை வேலை வாங்குற மண்டோர். எந்த மாடிக்கு என்னைக்கு காங்கிரீட் ஊத்தினோம்னு எழுதி வைக்கிறது என் வேலை. புதுத் தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பங்களை நாம சப்போர்ட்டுன்னுதான் சொல்வோம். சப்போர்ட் வை, சப்போர்ட் கழட்டு. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது சைட்டுல யாருக்கு ஞாபகம்?

அஞ்சாவது மாடி ஊத்தி ஆறு நாள்தான். பத்து நாளாவது இறுகாம சப்போர்ட்டை எடுத்தா தளம் விழுந்துடலாம். மேல் மாடிக்கு வேணும், சப்போர்ட்டைக் கழட்டுன்னுட்டார் மேனேஜர். தளத்துக்குக் கீழே வயர் இழுக்கிற ஆளுங்க வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க. காலையில நீங்க என்கிட்ட வந்தீங்க.

"மீட்டிங்ல முடியாதுன்னு சொல்லப் போறேன். நீ தேதியை மட்டும் சொல்லு. சப்போர்ட் பண்ணுவியா?"

"கண்டிப்பா லா, மச்சான்."

மீட்டிங்ல நீங்க முடியாதுன்னு சொன்னீங்க. மேனேஜர் என் பக்கம் திரும்பி, "பத்து நாள் ஆச்சு இல்ல?"ன்னார். ஃபைல் என் மடியிலதான் இருந்தது.

"ஆச்சு, பாஸ்"னேன்.

அந்த மாசம்தான் என் வேலையை நிரந்தரமாக்குறதா இருந்தாங்க. அதுதான் காரணம். வேற பெரிய காரணம் எதுவும் இல்லை.

நீங்க என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஹெல்மெட்டைக் கழட்டி மேசையில வெச்சிட்டுப் போயிட்டீங்க. வேற ஆளுங்க சப்போர்ட்டை எடுத்தாங்க. தளம் விழலை. ஓரத்துல விரிசல் விட்டது, பூசி மறைச்சிட்டாங்க. விழலையேன்னு கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அக்காகிட்ட ஏன் நீங்க சொல்லவே இல்லை? "கோவத்துல வேலையை உதறிட்டு வந்த மனுஷன்"னு உங்களை எத்தனை தடவை திட்டியிருக்கு. நானும் உங்க வீட்டு மேசையில உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டேன். நீங்க எனக்கு ரசம் ஊத்துனீங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு முட்டி ஆபரேஷன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் ஃபிளாட்டுல லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. நாலு மாடியும் உங்க தோளைப் பிடிச்சுத்தான் ஏறினேன். "பாரத்தை என் மேல போடு, பயப்படாதே"ன்னீங்க. மூணாவது மாடியில நின்னு, "மச்சான், அன்னிக்கு மீட்டிங்ல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"முதல்ல வீட்டுக்குப் போவோம்."

வீட்டுக்குள்ள போனதும் நான் அந்தப் பேச்சை எடுக்கலை. நீங்க மன்னிச்சிட்டீங்களா? இல்லை, கேட்கவே பிடிக்கலையா?

போன ஞாயித்துக்கிழமை அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த கை நின்னுடுச்சு.

"நாலு மாசம் அவரு முகத்தைப் பார்த்து நான் பேசலை. தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் வந்து சாப்பிட்டுட்டுப் போனியா?"

அக்கா கீரைத் தட்டைத் தள்ளி வெச்சிட்டு, "நீ கெளம்பு"ன்னுச்சு.

செருப்பை மாட்டும்போது, உள்ளேயிருந்து எல்லாத்தையும் கேட்ட கவிதா வெளியே வந்தா. அவ அழலை. "மாமா, அப்பா சொன்ன நாள் கணக்குதானே சரி?"ன்னு கேட்டா.

"சரிம்மா."

"அப்ப அதை எழுதிக் கொடுங்க. எனக்கு வேணும்."

அதுக்காகத்தான் மச்சான் இதை எழுதறேன். ஒரு பிரதி அவளுக்கு. உங்க வருஷத் திதிக்கு நம்ம பழைய சைட்டு ஆளுங்க எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னால நானே இதைப் படிப்பேன். அக்கா உள்ளே விடலைன்னா, கேட்டுக்கு வெளியே நின்னு படிப்பேன்.

உங்க பொண்டாட்டியோட தம்பி,
சேகர்