வலமாக மூன்று சீட்டு

9 ஜூலை, திங்கள்

மூட்டம். மழை இல்லை. துணி ஒன்றும் காயவில்லை. ராஜிக்கு விடியற்காலையில் மறுபடி இழுப்பு. பதினான்கு மாதக் குழந்தை, நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். டாக்டர் போன தடவை சொன்னதையேதான் சொன்னார்: தூசி ஆகாது.

இவர் ஆபீஸில் மாற்றல் லிஸ்ட் தயாராகிறதாம். தன்பாத்துக்கு இரண்டு பேர். நிலக்கரி ஊர்.

மேனேஜர் சம்சாரம் (இனி மே. மாமி) இவரிடம் கேட்டாளாம்: "உங்காத்துல சீட்டாடுவாளோ? வியாழக்கிழமை ஒரு கை குறையறது." இவர் யோசிக்காமல், "பேஷா ஆடுவா." மாமி பேச்சை மேனேஜர் தட்ட மாட்டாராம். நான் போய், பழகி, குழந்தை விஷயத்தைச் சொல்ல வேண்டுமாம்.

"ரம்மிதானே?" என்றேன்.

"இல்லை, போக்கர். அதுலயும் ஏதோ கல்கத்தா தினுசு."

10, செவ்வாய்

இவர் யாரிடமோ கேட்டு எழுதி வந்த விதிகள்:

ஆளுக்கு ஏழு சீட்டு.
வேண்டாத மூன்றைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும். இன்னொரு பக்கத்திலிருந்து மூன்று வரும்.
ஐந்தை வைத்துக்கொண்டு மீதியைப் போடணும்.
எல்லாரிலும் பெரிய கைக்குப் பாதி. எல்லாரிலும் சின்னக் கைக்கும் பாதி!

அப்படியானால் எது குப்பை? நான் வேண்டாமென்று தள்ளுவதே இன்னொருத்திக்கு ஜெயம். பி.எஸ்ஸி. கணக்கு, முதல் வகுப்பு. தலை சுற்றுகிறது.

பாயில் நாலு கை போட்டு, நாலு இடத்திலும் நானே மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். பாத்திரம் தேய்க்க வந்த கன்னியம்மா நின்று பார்த்தாள்.

"இன்னாம்மா, ஒண்டியா நாலு பேரு ஆடிக்கினு கீறே? யாரு கெலிச்சா?"

"தெரியலை."

"தோத்தது யாருன்னாச்சும் தெரியுதா?"

ராஜி டயமண்ட் ராணியின் மூலையைத் தின்றுவிட்டாள். ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன்.

12, வியாழன்

மத்தியானம் தூறல். ராஜியைக் கன்னியம்மாவிடம் விட்டு அடையாறு பஸ். நல்ல புடவைதான், கரையெல்லாம் சேறு.

நாலு பேர். என் வலப்பக்கம் மே. மாமி, இடப்பக்கம் கமலா என்று ஒருத்தி, எதிரே ஒரு ஸ்கூல் டீச்சர். பந்தயம் சட்டைப் பொத்தான். மாமி சொன்னாள்: "ரொம்ப சுலபம். கோயில்ல சுத்தற மாதிரி, வலமாத் தள்ளிண்டே வரணும்."

வலமாக. வலது கைப் பக்கம் மாமிக்குத் தள்ளினேன். 2, 3, 4. மாமி எடுத்துக் கையில் சொருகிக்கொண்டாள்.

கமலா: "எனக்கு ஒண்ணும் வரலையே?"

மாமி என்னைப் பார்த்தாள். "ஏண்டிம்மா, கபாலி கோயில்ல நீ அப்பிரதட்சிணமாத்தான் சுத்துவியா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது. நடுவைப் பார்த்து உட்கார்ந்தால் வலம் வருவது இடது பக்கமாகத்தான். வாராவாரம் சுற்றுகிறேன், இது தெரியவில்லை. நான் தள்ளின குப்பையில் மாமிக்குச் சின்னக் கை விழுந்து பாதிப் பொத்தான் அவளுக்கு. நல்ல சந்தோஷம்.

காபி வந்தது. பஸ்ஸில் மனப்பாடம் பண்ணினதை ஆரம்பித்தேன். "மாமி, குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு..."

"பச்சைக் குழந்தைன்னா சளி வராம இருக்குமா? போகப் போக சரியாயிடும்." தட்டில் முறுக்கு வைத்தாள். "நீ தப்புப் பண்ணினேன்னு கூச்சப்படாதே. எல்லாத் தப்பையும் இங்கேயே பண்ணிடு. தன்பாத் கிளப்ல சாயங்காலமானா இதே ஆட்டம்தான். அங்க போய் முழிக்கப்படாதேன்னுதான் உன்னைக் கூப்பிட்டதே."

"சரி மாமி" என்றேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

13, வெள்ளி

நல்ல வெயில். ராஜிக்கு இழுப்பு இல்லை. மண்ணெண்ணெய் வாங்கணும்.

காலையில்தான் இவரிடம் சொல்ல முடிந்தது. முகம் மாறிவிட்டது. "லிஸ்ட் இன்னும் டைப் ஆகலை. அடுத்த வியாழன் போ. நன்னா ஆடு."

"நன்னா ஆடினா தன்பாத்துக்குத் தயார்னு ஆயிடும். ஆடலேன்னா, போறதுக்குள்ள கத்துக்கோன்னு கூப்பிடுவா. எப்படி ஆடட்டும், சொல்லுங்கோ."

ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார். ஒரே ஷூவை இரண்டு தடவை துடைத்தார்.