டூ விட்டவளுக்கு, எலித்தோல் பற்றி

மே 3

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

இந்த விடுமுறையில் நடப்பதை எல்லாம் ஒன்றுவிடாமல், உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். நீ என்னோடு டூ விட்டிருப்பதால் பேச முடியாது. எழுதக்கூடாது என்று சட்டம் இல்லையே! எதிர் வீடு என்றாலும் தபால்தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

முதல் உண்மை: தப்பு என்னுடையது. பஞ்சு என்ற உன் வெள்ளெலி விதை கொறித்துக்கொண்டிருந்தபோது அதன் வாலுக்கு நேரே நான் ஸ்கேலை நீட்டியிருக்கக் கூடாது. "என் பஞ்சுவையும் உரிக்க அளவெடுக்கிறியாடி, பாவி?" என்று நீ கத்தியது நியாயம். செத்த எலியின் தோலை உரித்துப் பாடம் செய்யும் விடுமுறை வகுப்பில் சேரும் முன்பே அளக்கப் பழகிக்கொள்ளும் ஆசை.

இன்று அருங்காட்சியகத்தில் முதல் நாள். சன்னல் இல்லாத பின்பக்க அறையில் நீள மேசை, குழல் விளக்குகள், ஃபிரீசர். பாடம் செய்யும் அக்கா ஆளுக்கொரு செத்த எலி கொடுத்தார். "வயித்துத் தோலை மட்டும் கீறணும். கத்தி உள்ளே போச்சுன்னா குடல் வந்துடும், அப்புறம் நாத்தம் உன் பொறுப்பு" என்றார். என் கத்தி உள்ளே போயிற்று. மரத்தூளைக் கொட்டிச் சமாளித்தேன். நனைந்த காலுறையைக் கழற்றுவது போலத் தோல் வந்தது. வாலெலும்பை உருவும்போது வால் பாதியில் அறுந்தது. "குட்டைவால் எலி! புது இனம் கண்டுபிடிச்சிருக்கே" என்றார் அக்கா.

வீட்டில் அம்மா புலம்பல்: "லீவுலயாவது பாடத்தை மூட்டை கட்டுவான்னு பார்த்தா, எலியைப் பாடம் பண்ணிட்டு வர்றா!"

நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உன் தோழி,
மூஞ்சூறு

மே 6

மூஞ்சூறுக்கு,

நான் இன்னும் டூதான். இதைக் கடிதமாக நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிட முடியவில்லை. இனிமேல் குடல் பற்றி எழுதாதே.

கண்ணை என்ன செய்வார்கள்?

சிடுமூஞ்சி

மே 9

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

கேட்டாயே! கண்ணை எடுத்துவிடுவார்கள். உடம்புக்குப் பதிலாகப் பஞ்சை உருட்டி வைப்பதால் கண் இருந்த இடத்தில் வெள்ளையாக அதுதான் தெரியும். இவை ஆராய்ச்சிக்கான தோல்கள், அழகுக்கு அல்ல. எல்லா எலியும் குப்புறப் படுத்து, முன்கால் நீட்டி, காலில் அளவுகள் எழுதிய சீட்டைக் கட்டிக்கொண்டு, தேர்வறையில் தூங்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிடக்கும்.

உரித்த பிறகு தோல் நீளும். அதனால்தான் முதலிலேயே வால், பின்பாதம், காது எல்லாம் அளக்கிறோம். இரண்டாவது எலியில் அளக்க மறந்து, குத்துமதிப்பாக ஓர் எண் எழுதினேன். மனசு உறுத்தியது. அடித்துவிட்டு "அளக்கவில்லை" என்று எழுதினேன். அக்கா திட்டுவார் என்று பார்த்தால், "இது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது எலியில் வாலெலும்பு முழுசாக உருவிக்கொண்டு வந்தது! நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார்.

மூஞ்சூறு

மே 13, காலை

மூஞ்சூறு,

பஞ்சு செத்துப்போச்சுடி. காலையில் பார்த்தால் கூண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. அம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வைக்க விட்டார்.

நீ அதைப் பாடம் செய்து கொடு. உட்கார்ந்து விதையைக் கையில் பிடித்திருக்குமே, அதே மாதிரி. அதே கண்ணோடு. செய்து தந்தால் பழம் விடுகிறேன். பள்ளி திறந்ததும் பழையபடி உன் பெஞ்சிலேயே உட்காருகிறேன். சத்தியம். தபாலுக்குப் பொறுமை இல்லை, உன் வாசல் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

சிடுமூஞ்சி

மே 13, மாலை

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

"சரி" என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். நீ இல்லாத பெஞ்சில் ஒரு வருஷம் உட்காருவதை நினைத்துத்தான் அப்படி எழுதினேன்.

ஆனால் எனக்குத் தெரிந்தது குப்புறப் படுத்த எலி ஒன்றுதான். தையல்கூட நன்றாக வரும். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உன் பஞ்சுவைத் தேடுவாய். அது அதில் இருக்காது. பஞ்சுக்குள் பஞ்சை வைத்து, இதுதான் அது என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்குக் கை வரவில்லை. புதைத்துவிடு. குழி தோண்ட நான் வருகிறேன், வாயே திறக்க மாட்டேன்.

கோபித்துக்கொண்டாலும் பதில் போடு.

மூஞ்சூறு

மே 18

மூஞ்சூறுக்கு,

குழியை நானே தோண்டிவிட்டேன். இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தேன். கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தது. கண் இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் பஞ்சுருண்டை தெரிவதாக நினைத்துப் பார்த்தேன். டப்பாவை மூடிப் புதைத்துவிட்டேன்.

பாதி டூ போய்விட்டது. மீதிக்கு, அருங்காட்சியகத்தில் உன் பின்பக்க அறையை நான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். கத்தியை எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வேன். என்ன நடந்தது என்று பிறகு நீ எழுதிவிடு.

சிடுமூஞ்சி

மே 23

என் சிடுமூஞ்சிக்கு,

நீ கேட்டபடி, நீ கண்ணை மூடியிருந்த நேரத்தின் முழு விவரம்.

வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்து அக்கா, "நீ யாரும்மா?" என்றார். "நான் இவ பெஞ்சு" என்றாய். அது வரைக்கும் உன் கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் எழுதிவைக்கிறேன், பின்னால் நீ மறுக்க முடியாது.

நான் கத்தியை எடுத்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். ஒற்றைக் கையால் உரிப்பது கஷ்டம். அக்கா சிரித்துக்கொண்டே எலியின் காலைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று பதினேழு தடவை கேட்டாய். வால் அறுந்துபோகவில்லை. வயிற்றைத் தைத்தேன், சீட்டை எழுதினேன், காலில் கட்டினேன். அக்கா அதை ஃபிரீசருக்குப் பக்கத்துப் பலகையில் குண்டூசி குத்திக் காய வைத்தார். அப்போதும் நீ கண்ணைத் திறக்கவில்லை. நானும் தோளை எடுக்கவில்லை.

கடைசியாகத் திறந்தபோது ஏன் ஒன்றுமே தெரியவில்லை என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாயே, அதற்கும் பதில்: மணி ஐந்தாகிவிட்டது, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

மூஞ்சூறு