போகாத லீவு மனு

அம்மாவுக்கு, சிவசங்கரி வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். சக்குபள்ளத்தில் மழை விட்டதா? போனில் சொன்னால் உடனே "பரவால்ல புள்ள" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன வேலை என்று கேட்டாயே. நமக்குப் பதிலாக இணையப் பக்கங்களைத் திறந்து வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்று இருக்கிறது. பிரவுசருக்குள் நடப்பதைக் கண்காணிக்க அதற்கு ஒரு கருவி உண்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்டுக்கு விளக்கம் எழுதுவதுதான் என் வேலை. சோதித்துப் பார்க்க, நம்ம ஊர்த் திருவிழாவுக்கான என் லீவு மனுவையே அதனிடம் கொடுத்தேன். திரையில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது. ஏஜென்டும் வேலை முடிந்தது என்றது. மனு போகவேயில்லை என்பது கிளம்பும் நாளில்தான் தெரிந்தது, லீவு இல்லாமல் வர முடியவில்லை. வெளியே தெரிவதை நம்பாமல் உள்ளே பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரியை நான் எழுதவில்லை. ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

திருவிழாவில் நான் எடுக்க வேண்டிய முளைப்பாரியை நீயே எடுத்தாயாம். ஏலக்காட்டில் வழுக்கி விழுந்து வீங்கிய காலோடு நடந்தாய் என்று முருகேஸ்வரி அக்கா நேற்றுதான் சொன்னாள். அன்று வீடியோவில் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாய். நானும் நம்பிவிட்டேன்.

தம்பி சதீஷ் வரும்போது உன் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்துவிடு. ஆபீஸ் ஏசி தாங்கவில்லை. புதிது வேண்டாம், நீ போட்டதே போதும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். இனி வீடியோவில் முகத்தை மட்டும் காட்டாதே அம்மா. போனைக் கீழே இறக்கி அந்தக் காலையும் காட்டு.

உன் மகள்
சங்கரி