சீனி போடாத தேத்தண்ணி

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

நடுக்கடலில் உங்கள் போன் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மகளின் பள்ளிக்கூடத்தில் தாய்மார் கூட்டம். கப்பல் வழியாக நடக்கும் வியாபாரத்தைப் பற்றி யாராவது பேச வேண்டுமாம். கப்பல்காரரின் பெண்சாதி என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். எனக்குப் பேச்சு வருமா? பேச்சுக்குப் பதிலாகச் சமைத்துவிட்டேன்! ஊர் அரிசிச் சோறு, மீன் ஆணம், பச்சைமிளகாய்ச் சம்பல். சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றுக்கு ஆறு பேராகச் சுற்றி இருத்தினேன். கப்பலில் வரும் சாமான் ஒன்றையும் சேர்க்கவில்லை.

"பருப்பு எங்க?" என்றார்கள். "கப்பல்ல." "பாண்?" "மாவும் கப்பல்லதான்."

உம்மாவும் வந்திருந்தார். 'கடல்ல கிடக்கிறவனுக்குப் புள்ளயக் குடுத்திட்டமே' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அதே உம்மாதான். கடைசியில் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சீனி எங்க புள்ள?"

"உங்கட மருமகன்ட கப்பல் இன்னும் வரல்ல உம்மா!"

மண்டபமே சிரித்தது. உம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடும்போதெல்லாம், "மருமகன் இப்ப எந்தக் கடல்ல நிக்கிறார்?" என்று கேட்கிறார். போனில் வரைபடத்தைக் காட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். நேற்றுத் தொழுதுவிட்டு, கப்பலில் இருக்கிற எல்லாருக்காகவும் துஆக் கேட்டார்.

எனக்குத்தான் இன்னும் சீனி போட மனம் வரவில்லை. உடம்புக்கு நல்லது என்று உம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் வந்து போட்டுத் தாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி