இரண்டு சைபர்

மார்ச் 4
பஸ் நிறுத்தத்தை அடுத்த சாலைக்கு மாற்றி எட்டு மாதம். நிறுத்தம் இங்கேயே இருந்திருந்தால் இன்று என் மின்விசிறிக் கடைக்கு நூறு பேர் வந்திருப்பார்கள். வந்தது ஓர் ஈ. அதுவும் பழுது பார்க்க எதையும் கொண்டுவரவில்லை.

மார்ச் 9
நகராட்சி அதிகாரி கூட்டம் போட்டார். கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்க டீச்சர், பஸ் முதலாளி எல்லோரும் ஒரே மேசையில். சேர்ந்து கேட்டால் நிறுத்தம் திரும்பக் கிடைக்குமாம். ஆனால் முதலில், தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணித் தர வேண்டும். யார் எண்ணுவது? நான்தான் எழுந்தேன். எட்டாவது வரை கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. (சரி, ஏழாவது வரை.)

பக்கத்துத் தையல் கடை என் அண்ணன் மகளுடையது. காதோடு சொன்னாள்: "சித்தப்பா, இது கிடைக்கலன்னா மாசக் கடைசியில நான் கடையைக் காலி பண்ணணும். ஒழுங்கா எண்ணுங்க."

"யாருகிட்ட சொல்ற? என்கிட்டயா!"

மார்ச் 13
நாற்பத்தொன்று. நாய் உட்பட.

மார்ச் 16
முப்பத்தெட்டு. இதை எப்படிக் கொடுப்பது? செத்த தெரு என்று சிரிப்பார்களே. ஒரு சைபர் சேர்த்தேன். கொஞ்சம் இளைப்பாகத் தெரிந்தது. இன்னொன்று.

கடைக்காரர்கள், டீச்சர் எல்லோரும் அந்தக் கணக்குத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை நம்பிக்கை என் மேல்!

மார்ச் 24
அதிகாரி உரக்கப் படித்தார். "மூவாயிரத்து எண்ணூறு பேரா?"

பஸ் முதலாளி சிரித்தார். "அப்போ பஸ்ஸை எங்க சார் நிறுத்துறது? ஆளுங்க தலை மேலயா?"

இவ்வளவு நெரிசலில் நிறுத்தம் வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். டீச்சர் என்னையே பார்த்தார்.

எழுந்தேன். "சார், அது வந்து..." அவ்வளவுதான். ஊரையே விலை பேசுற வாயி, ஒரு வார்த்தை வரல. ஏன்டா வரல? பொய்தான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மார்ச் 27
கடை திறக்கவில்லை.

மார்ச் 31
தையல் மெஷினை நானும் அண்ணன் மகளும் வண்டியில் ஏற்றினோம். சைபர்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சித்தப்பா. நானும் என் கடை வாசல்ல உட்காந்து எண்ணிட்டுதான் இருந்தேன்."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமேம்மா?"

"வாயைத் திறந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் மூடிட்டேன்."

ஏப்ரல் 3
காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து எண்ணினேன். யாரும் கேட்கவில்லை.

முப்பத்தேழு.