பீரியடுக்கு இவ்வளவு

மார்ச் 4

காலையிலேயே நல்ல மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் குதித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பின்னாலேயே என் மகள். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னிக்கு நாலு பீரியட் இருந்துச்சும்மா."

எதையும் உதாரணம் வைத்துச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். நான் வேலை பார்த்த காலத்தில் மழை விடுமுறை என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவேன். சம்பளம் அதுபாட்டுக்கு வரும். இவளுக்கும் அதே பள்ளி, அதே இலக்கிய வகுப்பு, மாடி மூலையில் அதே நாற்காலி. ஆனால் நான் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பீரியடுக்கு இவ்வளவு என்று இவளை வைத்துக்கொண்டார்கள். மழை பெய்தால் காசு இல்லை. விளையாட்டு விழா ஒத்திகை என்றால் இல்லை. ஜுரம் வந்து படுத்தாலும் இல்லை.

மார்ச் 6

இலக்கியம் படிக்கிறேன் என்று அவளாகத்தான் போய்ச் சேர்ந்தாள். நான் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முதுகலையில் கல்லூரிக்கே முதல். மெடல் பீரோவில் இருக்கிறது, பழைய துணிகளுக்கு அடியில்.

மார்ச் 15

தலைமையாசிரியர் கூப்பிட்டார். என்னோடு வேலை பார்த்தவர். என் இடத்தை நிரந்தரமாக நிரப்பச் சொல்லி மேலே எழுதியிருக்கிறாராம்.

"கண்டிப்பா வந்துடும் டீச்சர். அதுக்குள்ள பாப்பா வேற எங்கயும் போயிடப் போகுது, பிடிச்சு வைங்க."

மகளிடம் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 22

துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டம்மா பேச்சுக் கொடுத்தாள். அவள் மகன் ஏசி மெக்கானிக். புது வண்டி வாங்கியிருக்கிறான்.

"நல்லவேளை டீச்சர், இவனுக்குப் படிப்பு ஏறல. ஏறியிருந்தா இப்ப என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருப்பான்."

புடவைக்குப் பின்னால் மகள் நிற்பதை அப்புறம்தான் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "அத்தை, எங்க ஃபேன் கத்துது. அண்ணன வந்து பார்க்கச் சொல்லுங்க. காசு பீரியட் கணக்குல தந்துடறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். உள்ளே வந்தபின் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3

படி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று டாக்டரிடம் போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். பென்ஷன்காரர்களுக்குச் செலவு இல்லை.

"செஞ்சுக்கிட்டா இன்னும் பல வருஷம் இருக்கலாம்மா. செய்யலன்னா... நான் நாள் குறிச்சுச் சொல்ல மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் நெஞ்சைத் திறந்து மூடி என்ன ஆகப் போகிறது? வாழ்ந்தாயிற்று. அவளுக்கும் நிரந்தர வேலை வரப்போகிறது.

ஏப்ரல் 4

மகளிடம் சொல்லவில்லை.

மே 12

கோடை விடுமுறை. அவள் கைக்கு ஒன்றும் வராது. வாடகை, பால், மின்சாரம் எல்லாம் என் பென்ஷனில்தான்.

இன்று பென்ஷன் ஆபீஸ். வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு மகளும் கூட வந்தாள். அந்த கிளார்க் வருடா வருடம் ஒரே ஜோக்கைத்தான் சொல்கிறார். "டீச்சர், இருக்கீங்களா?" நானும் வழக்கம்போல், "நீங்க சொன்னாத்தான் உண்டு," என்றேன்.

மகள் திடீரென்று அவரிடம் கேட்டாள்: "அம்மாவுக்கு அப்புறம் இது யாருக்கு சார் வரும்?"

"அப்பா இருந்தா அவருக்கு."

"அவர் இல்ல."

"இந்தத் திட்டத்துல பிள்ளைங்களுக்குக் கிடையாது. அப்ப இதோட முடிஞ்சதும்மா."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. ஏன்டி கண்ணு, கேட்க வேண்டியதைத்தானே கேட்டே? இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பாள்.

மே 30

தலைமையாசிரியரின் ஃபோன். இலக்கியப் பிரிவில் பிள்ளைகள் குறைவு என்று அந்த இடத்தையே எடுத்துவிட்டார்களாம். பீரியட் கணக்கும் இனி இல்லை; வரலாற்று ஆசிரியரே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல டீச்சர்..." மகள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, "பரவாயில்ல சார், நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஜூன் 7

ஜவுளிக் கடையில் சேர்ந்துவிட்டாள். பில் போடும் வேலை. மெடலைப் பற்றிச் சொன்னாளாம். "அதெல்லாம் இருக்கட்டும்மா, கூட்டல் கழித்தல் வருமா?" என்றாராம் முதலாளி. மாதச் சம்பளம்தான், வாடகைக்குச் சரியாக இருக்கும். உட்கார நாற்காலி கிடையாது. கால் இரண்டும் வீங்கி வருகிறாள்.

ஜூன் 11

உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று கடையில் அவளையே மைக்கில் பேச வைக்கிறார்களாம். இரண்டாம் மாடியில் போர்வை தள்ளுபடி, சிவப்புச் சட்டை போட்ட குழந்தையின் பெற்றோர் உடனே வரவும்.

"அதுக்குத் தனியா ஏதாவது குடுக்கறாங்களா?"

"ஒரு டீ."

வெந்நீரில் கால் வைக்கச் சொன்னேன். படித்ததற்கு ஒரு டீ. இதை வைத்து யாருக்கு, எதை, எந்த வகுப்பில் விளக்குவேன்?

ஜூன் 16

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

"அன்னிக்கு அவ்வளவு பிடிவாதமா வேண்டாம்னீங்க. என்னம்மா, மனசு மாறிடுச்சு?"

"வீட்ல சம்பாதிக்கிற ஆள் நான்தானே டாக்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நர்சையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

மகள் என் செருப்பைக் குனிந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை.